மணிக் கயிறு

பஃபலோ நகரின் இருபத்து நான்காம் எண் பேருந்தை
இரவில் ஓட்டுகிறவள் நான்.
மூன்று குளிர்காலம்
என் தம்பிக்கு வீடு அதுதான்:
வலப்பக்கம், பின்னாலிருந்து இரண்டாம் இருக்கை,
காலடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிற இடம்.

ஏரியிலிருந்து பனி படுக்கைவாட்டில் வரும் ஊர் இது.
கடைசி நிறுத்தத்தில் எல்லோரையும் இறக்கிவிட வேண்டும், விதி.
எல்லோரும் என்று எண்ணும்போது
காசிமிரை நான் எண்ணுவதில்லை.
மேற்பார்வையாளர் ஒருமுறை ஏறினார்.
அவன் காலணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"கண்ணாடி துடைப்பான் ஒழுங்கா ஓடுதா?" என்றார்,
இறங்கிப் போய்விட்டார்.

உன் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதா?
கேளுங்கள். எல்லோரும்தான் கேட்டார்கள்.
இருந்தான், பதினான்கு மாதம்.
சுவருக்குள் மின்கம்பிகள் தன் பெயரைச் சொல்கின்றன என்று
சமையலறைச் சுவரைச் சுத்தியலால் திறந்தான்.
வீட்டுக்காரர் இருவருக்கும் சேர்த்து ஒரே கடிதம் தந்தார்.
அந்தச் சுவருக்கு இன்னும் தவணை கட்டுகிறேன்.

பிறகு அறை தேடினோம்.
உதவித்தொகையில்தான் வாடகை என்று சொன்ன மாத்திரத்தில்
"அடடா, நேற்றுத்தான் ஒருவர் எடுத்துக்கொண்டார்."
எத்தனை வாசலில் அந்த நேற்று.

காத்திருப்போர் பட்டியலில் நூற்று எண்பத்தாறு.
ஓராண்டு கழித்து நூற்று எழுபத்தொன்பது.
ஏழு பேர் வீடு கிடைத்துப் போனார்களா,
வேறு எப்படியும் போனார்களா?
கணக்குப் போட்டேன்,
போட்டதற்கு வெட்கப்பட்டேன்,
மறுபடி போட்டேன்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி:
கடந்த ஆண்டு இரவுகளைக் கழித்த இடம் எது?
தெரு, காப்பகம், மருத்துவமனை, சிறை, பிற.
"பேருந்துன்னு எழுதாதே,
உன் வேலை போயிடும்" என்றான் காசிமிர்.
கம்பிகளோடு பேசுகிறவன்.
தெரு என்று எழுதினோம்.

மார்ச் மாதம் ஆர்ட்டீஷா அழைத்தாள்.
பழைய பள்ளிக்கூடம் ஒன்றை இருபத்திரண்டு வீடாகப் பிரித்திருக்கிறார்கள்.
வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகை.
கீழ்த்தளத்தில் இரவெல்லாம் விழித்திருக்க ஓர் ஆள்.
மாத்திரையை நினைவூட்டுவார்கள், வாயைத் திறந்து காட்டச் சொல்லமாட்டார்கள்.
அவன் கேட்டது ஒன்றே ஒன்று:
"தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?"
உள்பக்கம்.

முதல் வாரம் கோட்டைக் கழற்றாமல்
உட்கார்ந்தபடியே தூங்கினான்,
பேருந்தில் தூங்குவதுபோல.
அவன் பங்குக்கு வந்த சுவரில்
கரும்பலகையைப் பெயர்க்காமல் விட்டிருந்தார்கள்.
காதில் விழுவதையெல்லாம் சாக்கட்டியால் எழுதுகிறான்,
படிக்கிறான்,
சிலதை அழிக்கிறான்.
கதவைத் தட்டுகிறவர்கள் தட்டிவிட்டு நிற்கிறார்கள்.
தட்டிய கை காத்திருப்பதை
அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை.
ஜூனில் பன்னிரண்டு நாள் மருத்துவமனை.
திரும்பியபோது சாவி அதே பூட்டில் திரும்பியது.
பலகையில் பாதி எழுதிய வரி
பாதியாகவே இருந்தது.

அக்டோபர், இரவு பதினொன்று நாற்பது.
மழைக்கால நிறுத்தத்தில் தெரிந்த கோட்டைக் கண்டு
என் வயிற்றில் ஏதோ கழன்றது.
போச்சு, வீடு போச்சு.
ஏறினான். கட்டணம் போட்டான், சில்லறை எண்ணி.
பழைய இருக்கையைக் கடந்து போய்
கம்பியைப் பிடித்து நின்றான்.
கையிடுக்கில் ஒரு நீளப் பொட்டலம்:
குளியலறைத் திரைச்சீலை, தள்ளுபடி விலையில்.

மூன்று குளிர்காலம் அந்த மஞ்சள் கயிற்றை
அவன் தொட்டதே இல்லை.
எங்கே இறங்குவதற்கு?

இழுத்தான்.
மணி அடித்தது.
என் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது,
நிறுத்தவும், என்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததில்
நிறுத்தத்தை முப்பதடி தாண்டிவிட்டேன்.
பின்னாலிருந்து, என்னைத் தெரியாத
எந்தப் பயணியும் கத்துவதுபோல்
எரிச்சலாகக் கத்தினான்:
"பின்கதவு!"